ஆழத்தை எது அளக்கிறது? அறை வரையும் பெர்ஸ்பெக்டிவ் கருவிகள் ஒரு பரிசோதனை

அறையின் உட்புறத்தைப் பெர்ஸ்பெக்டிவில் (தள்ளிப் போகப் போகச் சிறுத்துத் தெரியும்படி) வரையக் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்லி விற்கப்படும் கருவிகளில் பெரும்பாலானவை பாதி வேலையோடு நின்றுவிடுகின்றன. சுவரோரக் கோடு எந்தப் புள்ளியை நோக்கி ஓட வேண்டும் என்று காட்டிவிடும். தரையில் அடுத்த ஓடு எங்கே முடியும், ஜன்னல் எவ்வளவு குறுகும், கட்டில் எத்தனை நீளம் தெரியும் என்பதை நம் தலையில் கட்டிவிடும். ஆரம்பநிலைப் படங்கள் கெடுவது இந்த இரண்டாவது பாதியில்தான். கோடுகள் எல்லாம் ஒழுங்காக அந்தப் புள்ளியில், அதாவது மறைபுள்ளியில் சேர்ந்திருக்கும்; ஆனாலும் அறை ஒரு நீண்ட தாழ்வாரம் போலவோ, சோபா வைக்க இடமில்லாத பெட்டி போலவோ தெரியும்.

அதனால் இந்த விமர்சனத்தில் ஒவ்வொரு கருவியிடமும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஆழத்தை அளக்க உதவுகிறாயா? மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு. அச்சடித்த கிரிட் தாள், டி-ஸ்கொயரும் (படுக்கைக் கோடு போடும் T வடிவ ஸ்கேல்) மூலைமட்டமும் கொண்ட கைக்கருவி செட், படம் வரையும் மென்பொருள்களான புரோக்ரியேட், கிரிட்டா, கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் ஆகியவை பரிசீலனைக்கு. முப்பரிமாண மாதிரி செய்யும் மென்பொருளான ஸ்கெட்சப் வேறொரு வேலைக்காகக் கடைசியில் வருகிறது.

எல்லாவற்றுக்கும் ஒரே அறை. அகலம் 4 மீட்டர், ஆழம் 5 மீட்டர், உயரம் 3 மீட்டர். பார்ப்பவரின் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவர் அறையின் திறந்த முன்பக்கத்திலிருந்து 5 மீட்டர் தள்ளி, நடுவில் நிற்கிறார். அளவுகோல் 1:20, அதாவது முன்பக்கத்தில் 1 மீட்டருக்கு 50 மி.மீ. ஏ3 தாளில் அறையின் முன்சட்டம் 200 × 150 மி.மீ. ஆகிறது. பார்ப்பவரின் கண் உயரத்தைக் காட்டும் கண்மட்டக் கோடு, முன்சட்டத்தின் அடிவிளிம்பான தரைக்கோட்டிலிருந்து 80 மி.மீ. மேலே.

இந்த அளவுகளுக்குச் சரியான விடை என்னவென்று முன்பே தெரியும் என்பதுதான் இந்தச் சோதனையின் வசதி. பின்சுவர் முன்சட்டத்தில் சரியாகப் பாதி: 100 × 75 மி.மீ. ஏனென்றால் கண்ணிலிருந்து முன்சட்டம் 5 மீட்டர், பின்சுவர் 10 மீட்டர். தரையில் மீட்டருக்கு ஒரு குறுக்குக் கோடு போட்டால், முன்னிருந்து பின்னாக இடைவெளிகள் 13.3, 9.5, 7.1, 5.6, 4.4 மி.மீ. என்று வர வேண்டும். மொத்தம் 40 மி.மீ. இந்த ஐந்து எண்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எந்தக் கருவியையும் பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம்.

கண்ணளவில் போடுபவர்கள் இரண்டு விதமாகத் தவறுவார்கள். சிலர் 40 மி.மீ.யை ஐந்தாகப் பங்கிட்டு 8, 8, 8 என்று போடுவார்கள். தரை நிமிர்ந்து சுவர்போல நிற்கும். இன்னும் சிலர், ஒவ்வொரு இடைவெளியும் முந்தையதில் இவ்வளவு பங்கு என்று ஒரே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போவார்கள். மேலே உள்ள எண்களைப் பாருங்கள்: இரண்டாவது இடைவெளி முதலாவதில் 0.71 பங்கு, மூன்றாவது இரண்டாவதில் 0.75, பிறகு 0.78, பிறகு 0.80. விகிதம் நிலையாக நிற்பதே இல்லை. ஒவ்வொரு பட்டையையும் முந்தையதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கும் ஓவியர்களை இத்தாலியக் கலைக் கோட்பாட்டாளர் ஆல்பெர்ட்டி 1435-லேயே கண்டித்து எழுதியிருக்கிறார். தரைக் கட்டங்கள் சரியா என்று பார்க்க அவர் சொன்ன சோதனையும் இன்றுவரை செல்லும்: கட்டங்களின் மூலைவிட்டங்கள் வழியாக ஒரே நேர்கோடு போக வேண்டும். வளைந்தால் தரை தவறு.

கிரிட் தாளை வாங்கும்போது இந்தச் சோதனைதான் முதலில். தாளின் மீது ஸ்கேலை வைத்து, முன்வரிசைக் கட்டத்தின் ஒரு மூலையிலிருந்து குறுக்காக எதிர்மூலைக்கும், அங்கிருந்து அடுத்த வரிசைக் கட்டத்தின் எதிர்மூலைக்கும் பிடித்துப் பாருங்கள். நல்ல தாளில் எல்லா மூலைகளும் ஸ்கேல் விளிம்பிலேயே உட்காரும். அதே ஸ்கேலைக் கண்மட்டக் கோடுவரை நீட்டினால் அது வெட்டும் இடம் தூரப் புள்ளி. அதற்கும் மறைபுள்ளிக்கும் உள்ள இடைவெளிதான், பார்ப்பவர் படத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதன் அளவு. இது வரையப்போகும் படத்தின் அகலத்துக்குக் குறையாமல் இருந்தால் வாங்கலாம். பாதியளவே இருந்தால் ஓரத்தில் உள்ள நாற்காலிகள் இழுத்துவிட்டதுபோல வரும். எத்தனை திறமையாக வரைந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது, குற்றம் தாளில் இருக்கிறது.

மறைபுள்ளியிலிருந்து கதிர்போல விரியும் கோடுகள் மட்டும் அச்சான தாள்களும் கிரிட் என்ற பெயரில் கிடைக்கின்றன. குறுக்குக் கோடே இருக்காது. இவை அறை வரைய உதவாது. காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. ஸ்கேலும் பென்சிலும் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

நல்ல கிரிட் தாளிலும் ஒரு குழப்பம் உண்டு. கட்டம் எத்தனை சென்டிமீட்டர் என்று தாளில் எழுதியிருக்காது. அதைக் கண் உயரம்தான் தீர்மானிக்கும். முன்தரைக்கோட்டில் ஒரு கட்டத்தின் அகலத்தை எடுத்து, அங்கிருந்து கண்மட்டக் கோடுவரை செங்குத்தாக எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணுங்கள். நான்கு முறை என்றால், நிற்பவரின் 1.6 மீட்டர் கண்ணுக்கு ஒரு கட்டம் 40 செ.மீ. உட்கார்ந்து பார்க்கும் 1.2 மீட்டர் கண்ணுக்கு அதே கட்டம் 30 செ.மீ. இதை எண்ணாமல் ஒரு கட்டம் ஒரு அடி என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு வரைந்தால் மேசை தேவைக்கு மேல் உயரமாக எழும். கிரிட் தாளின் உண்மையான குறை வேறு: கண்மட்டம், தூரம், மறைபுள்ளி மூன்றும் அச்சிலேயே பூட்டப்பட்டுவிட்டன. ஏழெட்டு அறைகள் போட்டதும் எல்லாப் படமும் ஒரே இடத்தில் நின்று எடுத்த புகைப்படம்போல ஆகிவிடும். ஆரம்பத்துக்கு நல்லது, நீண்ட நாள் துணைக்கு ஆகாது.

இனி கைக்கருவி செட். இந்த வரிசையில் மிகப் பழையது இதுதான், கற்பதற்கு மிகச் சிறந்ததும் இதுதான். தேவையானவை: ஏ3 தாளைவிட ஓர் அளவாவது பெரிய டிராயிங் போர்டு, டி-ஸ்கொயர், 45 பாகை மூலைமட்டம், 60 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், 2எச் பென்சில் ஒன்று, எச்பி ஒன்று, மாஸ்கிங் டேப், இரண்டு மூன்று குண்டூசி. 1:20 உள்ள முக்கோண ஸ்கேல் இருந்தால் கணக்குப் போடும் வேலை மிச்சம், இல்லாவிட்டாலும் குடிமுழுகிவிடாது.

வேலை இப்படிப் போகும். தாளைப் படுக்கை வசமாக ஒட்டி, கீழ்விளிம்பிலிருந்து 90 மி.மீ. உயரத்தில் தரைக்கோடு, 170-ல் கண்மட்டக் கோடு, 240-ல் கூரைக்கோடு. தாளின் இடது விளிம்பிலிருந்து 110-லும் 310-லும் இரண்டு செங்குத்துகள். முன்சட்டம் தயார். கண்மட்டக் கோட்டில் 210-ல் மறைபுள்ளி. சட்டத்தின் நான்கு மூலைகளையும் அதோடு 2எச்-ல் மெல்லியதாக இணைத்துவிடுங்கள்.

இப்போது ஆழம். பார்ப்பவர் 5 மீட்டர் தள்ளி நிற்கிறார். 1:20-ல் அது 250 மி.மீ. தூரப் புள்ளி மறைபுள்ளிக்கு இடப்பக்கம் 250 மி.மீ. தள்ளி, அதாவது தாளுக்கு வெளியே 40 மி.மீ.யில் விழுகிறது. பலகை பெரிதாக இருந்தால் அங்கே ஒரு குண்டூசி குத்திவிடலாம். அதைவிட எளிய வழி பாதித் தூரப் புள்ளி: 125 மி.மீ. மட்டும் தள்ளி, தாளின் இடது விளிம்பிலிருந்து 85-ல் வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தைப் பாதியாக்கியதால் ஆழ அளவையும் பாதியாக்க வேண்டும், அவ்வளவுதான். தரைக்கோட்டில் இடது மூலையிலிருந்து வலப்பக்கமாக 1 மீட்டருக்கு 25 மி.மீ. வீதம் ஐந்து குறிகள்: தாள் விளிம்பிலிருந்து 135, 160, 185, 210, 235. ஒவ்வொரு குறியிலிருந்தும் 85-ல் உள்ள பாதித் தூரப் புள்ளிக்கு ஸ்கேலைப் பிடித்து, அது இடதுசுவரின் தரையோரக் கோட்டை வெட்டும் இடத்தில் மட்டும் சின்னக் கீறல். முழுக்கோடு வேண்டாம், தாள் சிலந்திவலை ஆகிவிடும். அந்த ஐந்து கீறல்களிலிருந்தும் டி-ஸ்கொயரை வைத்துக் குறுக்குக் கோடுகள். கடைசிக் கோடு தரைக்கோட்டுக்கு 40 மி.மீ. மேலே விழுந்தால் பின்சுவர் சரியான இடத்தில் நிற்கிறது.

இடதுசுவரில் 2 மீட்டர் ஆழத்தில் தொடங்கி 1.2 மீட்டர் அகலத்தில் ஒரு ஜன்னல் வேண்டுமா? தரைக்கோட்டில் மூலையிலிருந்து 50 மி.மீ.யிலும் 80 மி.மீ.யிலும் குறி. அதே முறையில் பின்னே கொண்டுபோய், அங்கிருந்து செங்குத்தாக ஏற்ற வேண்டியதுதான். உயரங்களுக்கு முன்சட்டத்தின் இடது செங்குத்தே அளவுகோல். 75 செ.மீ. மேசை என்றால் அதில் 37.5 மி.மீ. குறித்து, மறைபுள்ளியை நோக்கிச் சுவர்வழியாகக் கொண்டுபோய், 3 மீட்டர் ஆழத்தில் நிறுத்தினால் 23.4 மி.மீ. கிடைக்கும். அதை மேசை இருக்கும் இடத்துக்கு டி-ஸ்கொயரால் நகர்த்துங்கள். நடுவில் மிதக்கும் மேசைக்கும் இந்தச் சுவர் வழிதான். மேசையிலேயே கண்ணளவில் உயரம் வைக்க ஆரம்பித்தால் நாற்காலிகள் பொம்மை அளவுக்கு வந்து நிற்கும்.

இங்கே எங்கெல்லாம் தவறு நுழைகிறது என்று தெரிந்துகொள்வது கருவி வாங்குவதைவிட முக்கியம். முழு அளவுக் குறிகளைப் பாதித் தூரப் புள்ளியோடு இணைத்துவிட்டால் 5 மீட்டர் அறை 10 மீட்டர் ஆகிவிடும். தாழ்வார நோய்க்கு அடிக்கடி வரும் காரணம் இதுதான். அடுத்தது மூலைமட்டம். ஒரு செங்குத்துக் கோடு போட்டு, மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொன்று போடுங்கள். இரண்டும் விலகினால், அந்த விலகல் மட்டத்தின் பிழையைப் போல இரண்டு மடங்கு. அந்த மட்டம் தாளைக் கிழிக்கத்தான் லாயக்கு. டி-ஸ்கொயரின் தலை பலகை விளிம்பில் ஆடுகிறதா என்று பார்க்க நுனியை மேலும் கீழும் மெல்லத் தள்ளுங்கள். மயிரிழை அசைந்தாலும், பின்சுவருக்கு அருகே 4.4 மி.மீ. இடைவெளியில் அது பெரிய பிழை. இன்னொன்று பென்சில் முனை: ஸ்கேல் விளிம்புக்கும் முனைக்கும் நடுவே எப்போதும் ஒரு நூலிடை இருக்கும். ஸ்கேலைப் புள்ளியின் மேல் வைப்பதைவிட, பென்சில் முனையைப் புள்ளியில் ஊன்றி, ஸ்கேலை அதன் மேல் சாய்த்துத் திருப்பினால் அந்தப் பிழை அடிபட்டுப் போகும்.

தாளுக்கு வெளியே விழும் புள்ளிக்கு ஊசியும் நூலும் பயன்படுத்துவது பழைய வித்தை. 17-ஆம் நூற்றாண்டில் அறைக்குள் நிகழும் காட்சிகளையே திரும்பத் திரும்ப வரைந்த டச்சு ஓவியர் வெர்மீரின் பல ஓவியங்களில், மறைபுள்ளி இருக்கும் இடத்தில் ஊசி குத்திய துளை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. எலாஸ்டிக் நூலை ஊசியில் கட்டி இழுத்துப் பார்ப்பது திசை சரிபார்க்க அருமை. கோடு போட மட்டும் அதை நம்ப வேண்டாம். பென்சில் தொட்டதும் நூல் வளையும். நூலடியில் இரண்டு புள்ளி வைத்துக்கொண்டு ஸ்கேலால் இணைத்துவிடுங்கள்.

சுவர்கள் சாய்ந்து நின்று இரண்டு மறைபுள்ளிகள் வரும் இருபுள்ளிப் பெர்ஸ்பெக்டிவுக்கு வந்தால் பலகையின் அளவு வினையாகிறது. ஒரு சுவர் படத்தளத்துக்கு (படம் விழும் தளம், நம் தாள்) 30 பாகை சாய்ந்து நிற்கட்டும், தூரம் அதே 250 மி.மீ. ஒரு மறைபுள்ளி நடுவிலிருந்து 433 மி.மீ. தள்ளியும் மற்றது எதிர்ப்பக்கம் 144 மி.மீ. தள்ளியும் விழும். மொத்தம் 577. ஏ3-இன் 420-ல் இது அடங்காது. ஏ1 பலகை வேண்டும். ஆனால் ஆழத்தை அளக்கும் அளவுப் புள்ளிகள் இரண்டும் தாளுக்குள்ளேயே விழுகின்றன. மறைபுள்ளியிலிருந்து கண்வரை உள்ள தூரத்தை அப்படியே கண்மட்டக் கோட்டில் மடக்கினால் அதுதான் அளவுப் புள்ளி. 433-ல் உள்ள புள்ளிக்கு அந்தத் தூரம் 500, ஆகவே நடுவிலிருந்து எதிர்ப்பக்கம் 67. 144-ல் உள்ளதற்கு சுமார் 288.7, ஆகவே எதிர்ப்பக்கம் சுமார் 144.

பலகை போதாதென்று இரண்டு மறைபுள்ளிகளையும் தாளுக்குள் இழுத்துவிடுவதுதான் பலரும் செய்வது. அதன் விளைவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று செங்கோணமான இரண்டு சுவர்களின் மறைபுள்ளிகள், கண்ணிலிருந்து பார்த்தால் எப்போதும் 90 பாகை விலகியிருக்கும். அப்படியானால் இரண்டும் தாளின் இரு விளிம்பில் இருந்தாலே படம் 90 பாகை அகலப் பார்வை. உள்ளே வந்தால் அதற்கும் மேல். சாதாரணமாக 60 பாகைக்குள் நின்றால்தான் பொருட்கள் இயல்பாகத் தெரியும். அதனால்தான் அந்தப் படங்களில் அறை மூலை ஈட்டிபோலக் கூர்மையாகவும், ஓரத்து அலமாரி தன் உயரத்துக்குப் பொருந்தாத அகலத்திலும் வருகிறது. மறைபுள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் வரையும் படத்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். பலகை சின்னதென்றால் புள்ளிகளை நெருக்காதீர்கள், படத்தைச் சின்னதாக்குங்கள்.

மென்பொருள்களின் முதல் லாபம் இங்கேதான் தெரிகிறது. திரையில் கேன்வாஸைச் சுருக்கிவிட்டு, மறைபுள்ளியை எவ்வளவு வெளியே வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கலாம். ஏ1 பலகை வீட்டில் இடத்தை அடைக்காது.

புரோக்ரியேட்டில் டிராயிங் கைடு என்ற பகுதிக்குள் பெர்ஸ்பெக்டிவ் இருக்கிறது. திரையைத் தட்டினால் ஒரு மறைபுள்ளி, மூன்றுவரை வைக்கலாம். கோட்டை அந்தப் புள்ளியை நோக்கிப் பூட்டும் டிராயிங் அசிஸ்ட்டை லேயருக்கு லேயர் (படத்தின் அடுக்குகள்) தனியாக இயக்கலாம், இது நல்ல ஏற்பாடு. கட்டுமானக் கோடுகளின் லேயரில் போட்டுவிட்டு, துணி மடிப்பு, செடி, தலையணை வரையும் லேயரில் அணைத்துவிடலாம். கை நடுங்கினாலும் கோடு புள்ளியை நோக்கி ஓடும். ஆனால் நம் முதல் கேள்விக்கு இங்கே பதில் இல்லை. கைடு காட்டுவது திசைக் கோடுகளை மட்டும். ஆழத்தை வெட்டும் குறுக்குக் கோடுகள் வராது. மாணவர் ஐந்து ஓடுகளையும் கண்ணளவில்தான் வைப்பார், ஆனால் கோடுகள் அத்தனை நேர்த்தியாக இருப்பதால் தவறு கண்ணில் படாது. அதுதான் ஆபத்து.

சுற்றுவழி ஒன்று உண்டு. கேன்வாஸை 4200 × 2970 பிக்சலாக எடுத்தால் ஏ3-இன் 1 மி.மீ. 10 பிக்சலாகிறது, மேலே சொன்ன அளவுகள் எல்லாம் அப்படியே செல்லும். மறைபுள்ளி, பாதித் தூரப் புள்ளி, தரைக்கோட்டுக் குறிகள் ஆகியவற்றை ஒரு லேயரில் முதலில் குறித்துவிடுங்கள். கைடின் இரண்டாவது புள்ளியைப் பாதித் தூரப் புள்ளியின் மேல் வைத்து, சாய்வுக் கோடுகளைத் தனி லேயரில் போட்டு, வெட்டும் இடங்களைக் குறித்தபின் அந்தப் புள்ளியை நீக்கிவிடுங்கள். மறந்து வைத்திருந்தால் குறுக்குக் கோடுகளும் அதை நோக்கி இழுபடும். கோட்டைத் தொடங்கும் திசையை வைத்துத்தான் மென்பொருள் எந்தப் பக்கம் பூட்டுவது என்று முடிவுசெய்கிறது என்பதால், தயங்கித் தொடங்கினால் சுவர்க்கோடு செங்குத்தாக எழும். முதல் அசைவை உறுதியாக இழுப்பது நல்லது.

கிரிட்டா இலவசம், கணினியில் ஓடுவது, இந்த வேலைக்கு மூன்றில் பொருத்தமானது. அசிஸ்டன்ட் டூல் என்ற ஒரே கருவிக்குள் பலவகை உண்டு. மறைபுள்ளி அசிஸ்டன்ட்டை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம், ஆகவே தூரப் புள்ளிக்கும் ஒன்றை நிரந்தரமாகவே விட்டுவைக்கலாம். புரோக்ரியேட்டில் செய்ததுபோல வைப்பதும் நீக்குவதுமாக அல்லாட வேண்டாம். பெர்ஸ்பெக்டிவ் அசிஸ்டன்ட் என்பது நான்கு மூலைகளைக் கேட்டு, அந்த நாற்கரத்துக்குள் கட்டங்களைத் தானே சரியாகக் குறுக்கிப் போடுவது. அதாவது ஆழ இடைவெளி கணக்கோடு வருகிறது. திரையில் பார்க்கும்போது நிம்மதியாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒரு கொக்கி. நான்கு மூலைகளையும் கொடுப்பது நீங்கள். பின்மூலைகளைக் கண்ணளவில் வைத்தால், தவறான ஆழத்தையும் மென்பொருள் பிசகில்லாத கட்டங்களால் நிரப்பிக் காட்டும். 5 மீட்டர் தரை 8 மீட்டராக நீண்டாலும் ஆல்பெர்ட்டியின் மூலைவிட்டச் சோதனையில் அது தேறிவிடும், ஏனென்றால் அது வேறொரு அறையின் சரியான தரை. பின்மூலைகளைத் தூரப் புள்ளி வழியாகக் கண்டுபிடித்துவிட்டு, அதன் பிறகே அசிஸ்டன்ட்டை வைக்க வேண்டும். இன்னொரு சிறு சங்கடம்: அது போடும் கட்டங்களின் எண்ணிக்கை நம் மீட்டர்க் கணக்கோடு தானாக ஒத்துப்போகாது. 4 × 5 மீட்டர் தரைக்கு வரும் கட்டங்களை மீட்டர் என்று எண்ணிவிட வேண்டாம். 1 மீட்டர் சதுரம் ஒன்றைக் கணக்கிட்டு வரைந்து, அதன் நான்கு மூலைகளில் அசிஸ்டன்ட்டை உட்காரவைத்தால் உள்ளே உள்ள சிறு கட்டங்கள் மீட்டரின் பங்குகளாகிவிடும்.

பிரஷ் கருவியின் டூல் ஆப்ஷன்ஸில் ஸ்நாப் டு அசிஸ்டன்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கோடு பூட்டாது. புதியவர்கள் கருவி வேலை செய்யவில்லை என்று குறைப்படுவது பெரும்பாலும் இதனால்தான். மேக்னடிசம் அளவைக் குறைத்தால் கோட்டில் கொஞ்சம் கையின் உயிர் தங்கும். கட்டுமானத்துக்கு முழு அளவு, இறுதிக் கோட்டுக்குக் குறைத்த அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

கிளிப் ஸ்டுடியோ பெயின்ட்டின் பெர்ஸ்பெக்டிவ் ரூலர் காமிக்ஸ் வரைபவர்களுக்காக வளர்ந்தது, அந்த வேகம் அதில் தெரிகிறது. ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி; கண்மட்டத்தைப் பூட்டிவைக்கும் வசதி; தரை, பக்கச்சுவர், எதிர்ச்சுவர் மூன்றுக்கும் தனித்தனியாக இயக்கக்கூடிய கிரிட். முப்பரிமாணப் பொருள் ஒன்றை உள்ளே வைத்தால் அதற்குப் பொருத்தமான ரூலர் தானாக உண்டாகிவிடும். அறை ஒன்றைப் பல கோணங்களில் திரும்பத் திரும்ப வரைய வேண்டியவருக்கு இதற்கு ஈடில்லை. கற்பவருக்கு அதே வசதி தடை. கேமராவைச் சுழற்றிப் பிடித்த கோணத்தில் பார்வைத் தூரம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. அழகாக இருக்கிறதே என்று 100 பாகைப் பார்வையில் போய் நின்றுவிடுவார். வேலை தெரிந்தபின் வாங்க வேண்டியது.

ஸ்கெட்சப்பை வரையும் கருவியாக எண்ண வேண்டாம், விடைத்தாளாக வைத்துக்கொள்ளலாம். 4 × 5 × 3 மீட்டர் பெட்டியைச் செய்து, கண்ணை 1.6 மீட்டரில் நிறுத்தி, உங்கள் கைப்படத்தோடு ஒப்பிட்டால் எந்தச் சுவர் எவ்வளவு பிசகியது என்று தெரிந்துவிடும். வரைவதற்கு முன்பே அதைத் திறந்து கோடுகளை நகலெடுத்தால் படம் கிடைக்கும், பாடம் கிடைக்காது.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது கைக்கருவி செட். ஒருபுள்ளி அறைகள் நான்கைந்து தூரப் புள்ளியோடு கையில் வந்தபின் கிரிட்டா. ஐபேட் ஏற்கெனவே கையில் இருப்பவர் புரோக்ரியேட்டிலேயே தொடரலாம், ஐந்து எண்கள் எழுதிய துண்டுத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால். கிரிட் தாள், கோடு போடவே பயப்படுபவருக்கும் சிறுவர்களுக்கும்.

ஒரு சாமானைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும்: நீள்வட்ட ஓட்டைகள் வெட்டிய தகடுகளான நீள்வட்ட டெம்ப்ளேட் செட். வட்ட மேசை, விரிப்பு, விளக்கு எல்லாவற்றுக்கும் உதவும் என்று அறை வரைபவர்கள் வாங்கிவிடுவார்கள். வட்டத்தை எந்தச் சாய்வுக் கோணத்தில் பார்க்கிறோம் என்பதை வைத்துத் தகடுகள் பிரிக்கப்பட்டிருக்கும்; வழக்கமான செட் 15 பாகையில் தொடங்கி 5 பாகை இடைவெளியில் 60 வரை போகும். நம் சோதனை அறையில் 2.5 மீட்டர் ஆழத்தில் விரித்த வட்ட விரிப்பு கண்ணுக்கு சுமார் 12 பாகையில்தான் தெரிகிறது. அதே இடத்தில் 75 செ.மீ. உயர மேசையின் மேற்பரப்பு ஆறரைப் பாகை. செட்டில் இரண்டுமே இல்லை. கிடைத்த 15 பாகை ஓட்டையில் பென்சிலை விட்டால் மேசை முன்னால் சரிந்து, மேலிருக்கும் தட்டு விழுந்துவிடும்போல நிற்கும்.

கையால் போடுவதே சுலபம். வட்டத்தைச் சுற்றிய சதுரத்தைப் பெர்ஸ்பெக்டிவில் வரைந்து, இரண்டு மூலைவிட்டங்களைப் போடுங்கள். அவை வெட்டும் இடத்தின் வழியாக ஒரு குறுக்குக் கோடும் மறைபுள்ளிக்கு ஒரு கோடும் போட்டால் நான்கு பக்கங்களின் தொடுபுள்ளிகள் கிடைக்கும். மீதி நான்கு புள்ளிகளுக்கு, முன்விளிம்பின் பாதியை 0.707-ஆல் பெருக்குங்கள். விளிம்பு 40 மி.மீ. என்றால் பாதி 20, அதில் 14. நடுவிலிருந்து இருபக்கமும் 14 மி.மீ. குறித்து மறைபுள்ளிக்குக் கோடு இழுத்தால், அவை மூலைவிட்டங்களை வெட்டும் நான்கு இடங்களும் வட்டத்தின் மேல் உள்ளவை. எட்டுப் புள்ளிகளையும் முழங்கையை அசைத்து ஒரே வீச்சில் சேர்க்க வேண்டும். இரண்டு ஓரங்களும் கூர்முனையாக முடிந்தால் தவறு; எவ்வளவு தட்டையான நீள்வட்டமானாலும் ஓரம் வளைந்துதான் திரும்பும். கிரிட்டாவில் இதற்கென்றே பெர்ஸ்பெக்டிவ் நீள்வட்ட அசிஸ்டன்ட் இருக்கிறது: சதுரத்தின் நான்கு மூலைகளைக் கொடுத்தால் உள்ளே பொருந்தும் வளைவைக் காட்டிவிடும். நீள்வட்டத்தின் நடுவும் மேசையின் நடுவும் ஒன்றல்ல என்பதை மட்டும் கவனியுங்கள். மேசையின் நடு எப்போதும் சற்றுப் பின்னால், மூலைவிட்டங்கள் வெட்டும் இடத்தில் இருக்கும். ஒற்றைக்கால் மேசையின் தண்டை அங்கிருந்துதான் இறக்க வேண்டும்.